பீரோவுக்கு வலிக்குமா

மார்ச் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் அண்ணியும் சுகம்தானே? அண்ணியின் முழங்கால் வலி குறைந்திருக்கிறதா?

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். சிரிக்கக் கூடாது. லாவகம், லாவகம் என்கிறார்களே, அப்படியென்றால் சரியாக என்ன? இங்கே ஒருவர், "பலத்தைப் போடாதீங்கம்மா, லாவகமா தூக்குங்க"ன்னு சொல்லிவிட்டுப் போய்விட்டார். நானும் புரிந்த மாதிரி தலையை ஆட்டிவிட்டேன். அகராதியைப் புரட்டினால் 'எளிதாகச் செய்யும் திறமை' என்று போட்டிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு எதைத் தூக்குவது? நீங்கள் இருபத்தைந்து வருடமாக, வீடு மாறுகிறவர்களின் சாமான்களை மாடியிலிருந்து இறக்குகிறவர். உங்கள் வாயில் தினம் நூறு முறை வருகிற வார்த்தை இது.

வீட்டில் கொஞ்சம் சாமான் இடம் மாற்ற வேண்டியிருக்கிறது. தாழ்வாக இருக்கும் கனமான ஒன்றை, ஒற்றை ஆளாக, இடுப்புப் பிடித்துக்கொள்ளாமல் எப்படித் தூக்குவது? சீக்கிரம் எழுதுங்கள்.

வேறு விசேஷம் இல்லை.

உங்கள் தங்கை


மார்ச் 12

என் வாலுத் தங்கைக்கு,

இங்கே நான், உன் அண்ணி, அவள் முழங்கால், என் இடுப்பு நால்வரும் நலம். முழங்கால் காலையில் மட்டும் முணுமுணுக்கிறது; அதன் சொந்தக்காரி நாள் முழுக்க. (எழுத்துப்பிழை திருத்துகிறேன் என்று என் கடிதம் எல்லாவற்றையும் வாசிக்கிறாளே, இதையும் வாசிக்கட்டும்.) மாப்பிள்ளை நலமா? ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் பழுது பார்க்கிறவர், லிஃப்டே இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறாரே, இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஏறுகிறாரா?

சிரிக்கக் கூடாது என்று எழுதியிருந்தாய். அந்த வரிக்கு வருவதற்குள் சிரித்து முடித்துவிட்டேன். நீ பத்தாவது படித்தவள். நான் மூன்றாம் வகுப்பில் வாத்தியாரோடு கருத்து வேறுபாடு ஏற்பட்டு வெளியேறியவன். என்னிடம் வந்து அர்த்தம் கேட்கிறாய்!

இருந்தாலும் கேட்டுவிட்டாயே என்று ஒரு வாரம் காதைத் தீட்டிக்கொண்டு திரிந்தேன். முடிவெட்டுகிறவர் என் காது மடலை ஒற்றை விரலால் மடக்கி, பின்னால் கத்தரியை விட்டார். பக்கத்து நாற்காலிக்காரர், "என்னா லாவகம்!" என்றார். உன் அண்ணி கொதிக்கிற பாத்திரத்தைக் கரித்துணியில் பிடித்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் இறக்கினாள். லாவகம். செய்தித்தாளில் ஒரு மந்திரி பதில் சொல்லாமல் லாவகமாக நழுவினாராம். ஆனால் எங்கள் தெருப் பளுதூக்கும் வீரனை யாரும் அப்படிச் சொல்லவில்லை. "யப்பா, என்னா பலம்!" என்றார்கள். ஆகவே முக்கினால் முனகினால் அது லாவகம் இல்லை. இன்னொன்றும் கவனித்தேன். யாரும் தன்னைப் பற்றி அந்த வார்த்தையைச் சொல்லிக்கொள்வதில்லை. எங்கள் ஆட்களில் ஒருவனுக்கு, படியில் சுவரோடு சுவராக ஒட்டி இறங்குவதால் பல்லி என்று பெயர். "எவ்வளவு லாவகமா கொண்டாந்துட்டேன், பாத்தீங்களாண்ணே?" என்று வாயைத் திறந்தான். கூடவே கண்ணாடி உடைகிற சத்தமும் கேட்டது.

இனி என் அர்த்தம். ஒவ்வொரு சாமானிலும் கனம் ஏதோ ஓர் இடத்தில் குடியிருக்கிறது. அது எங்கே என்று கண்டுபிடித்து, உன் உடம்பை அதன் பக்கத்தில் கொண்டுபோ. நெஞ்சோடு அணை. முழங்காலை மடக்கு, முதுகை மடக்காதே. திரும்ப வேண்டுமா, பாதத்தை எடுத்து வை, இடுப்பை முறுக்காதே. தூக்குவதற்கு முன்னால் லேசாக ஓர் ஆட்டு ஆட்டு. எந்தப் பக்கம் வருகிறேன் என்று அதுவே சொல்லும். அது வரும்போது நீயும் கூடப் போ. அவ்வளவுதான்.

அது சரி, என்ன சாமான் அது? போட்டிக் கம்பெனி ஆரம்பிக்கிறாயா?

முதுகு நிமிர்ந்தே இருக்கும் உன் அண்ணன்


மார்ச் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. எல்லோரும் நலம் என்றறிந்து சந்தோஷம். இங்கேயும் நலம்.

நீங்கள் சொன்ன மாதிரி ஓர் ஆட்டு ஆட்டிவிட்டுத் தூக்கினேன். பாதிப் பாரம் குறைந்த மாதிரி இருந்தது. என் முதுகு உங்களுக்கு நன்றி சொல்கிறது.

இன்னும் ஒன்று. நீளமாக, கைப்பிடி எதுவும் இல்லாமல் இருப்பதைப் படுத்தவாக்கில் இரண்டு சாண் தூரம் மேலே நகர்த்த வேண்டுமானால்? இழுத்தால் கீழே உராய்கிறது. கை வேறு வழுக்குகிறது.

பாத்திரம் கழுவ வேண்டும், நிறுத்துகிறேன்.

உங்கள் தங்கை


மார்ச் 27

வாலுக்கு,

நாங்கள் நலம். உன் கடிதம்தான் இளைத்துப்போய் வந்திருக்கிறது. அதற்குச் சாப்பிட ஏதாவது கொடு.

உராய்கிறதா? இழுக்காதே. சாமானுக்கு அடியில் ஒரு பழைய போர்வையைச் செலுத்து. எப்படி என்றால், போர்வையைப் பாதிவரை சுருட்டு. சாமானை ஒரு பக்கம் சாய்த்துச் சுருளை அடியில் தள்ளு. பிறகு மறுபக்கம் சாய்த்துச் சுருளை விரித்துவிடு. இப்போது போர்வையைப் பிடித்து இழு. சாமானுக்குத் தெரியாமலே இடம் மாறிவிடும். போன வாரம் ஒரு பெரிய பீரோவை இப்படித்தான் கூடத்தைத் தாண்டிக் கொண்டுபோனோம். வீட்டுக்காரம்மா, "எப்பங்க நகத்துவீங்க?" என்று கேட்டுக்கொண்டு நின்றாள். நகர்த்தி முடித்துப் பல்லி அதன்மேல் சாய்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

நான் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. மந்திரி மாதிரி நழுவிவிட்டாய். மாப்பிள்ளை எப்போதும் உன் கடிதத்தின் அடியில் இரண்டு வரி எழுதுவாரே, இரண்டு கடிதமாகக் காணோம். வேலை அதிகமா? அல்லது பேனாவும் மூன்றாவது மாடி ஏற மாட்டேன் என்கிறதா?

அண்ணி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அண்ணன்


ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணனுக்கு,

உடனே எழுத முடியவில்லை, மன்னிக்கவும். வீட்டில் வேலை. எல்லோரும் சுகம். அவரும் சுகம், கேட்டதாகச் சொன்னார்.

போர்வை யோசனை அருமை. முனகல்கூட இல்லை. இப்போது தினமும் அப்படித்தான் செய்கிறேன்.

ஒருக்களித்துத் திருப்பும்போது மட்டும்தான் கஷ்டம். வலிக்காமல் திருப்ப எந்த இடத்தில் கை கொடுக்க வேண்டும்? தோளிலா, இடுப்பிலா? எழுதுங்கள்.

அண்ணியின் முழங்காலைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

தங்கை


ஏப்ரல் 20

தங்கைக்கு,

நலம். நீ நலமா என்று இந்தத் தடவை உண்மையாகவே கேட்கிறேன்.

உன் கடிதத்தை நான் ஒரு முறை வாசித்தேன். அண்ணி ஒரு முறை வாசித்தாள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து மறுபடி வாசித்தோம்.

இருபத்தைந்து வருடத்தில் நான் எத்தனையோ பீரோ திருப்பியிருக்கிறேன். எந்தப் பீரோவுக்கும் வலித்ததில்லை. எதற்கும் தோள் இருந்ததில்லை. எதையும் தினமும் நகர்த்தியதில்லை.

அங்கே யார் படுத்திருப்பது? மாப்பிள்ளையா?

திருப்புவதற்குப் பதில்: ஒரு கை தோளின் பின்பக்கம், ஒரு கை இடுப்பின் பின்பக்கம். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை. உன் பக்கமாகத் திருப்பு, அந்தப் பக்கமாகத் தள்ளாதே. எங்கள் தொழிலில் தலையணை கிடையாது. அதை அண்ணி சொன்னாள், அவள் அப்பாவைப் பார்த்துக்கொண்டவள்.

திரும்புகிற தபாலில் எழுது. எழுதாவிட்டால் நான் ரயில் ஏறிவிடுவேன்.

அண்ணன்


ஏப்ரல் 26

அண்ணா,

ரயில் ஏறாதீர்கள். சொல்லிவிடுகிறேன்.

அவர்தான். ஜனவரிக் கடைசியில், ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பழுது பார்க்கும்போது கால் வழுக்கிக் குழிக்குள் விழுந்துவிட்டார். தொடை எலும்பு இடுப்போடு சேருகிற இடத்தில் முறிவு. அறுவை சிகிச்சை செய்து தகடு வைத்திருக்கிறார்கள். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

வீட்டுக்கு வந்த அன்று, அவரோடு வேலை செய்கிறவர்கள் நான்கு பேர் நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். நல்ல மனிதர்கள். ஆனால் இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒருவர் "இப்பிடித் திருப்பு" என்றார், ஒருவர் "டேய், அந்தப் பக்கம்டா" என்றார், ஒருவர் "நில்லு, நில்லு" என்றார். அடிபட்ட கால் சுவரில் மோதிவிட்டது. அவர் போட்ட சத்தத்தில் மூன்று மாடியிலும் கதவு திறந்தது. எல்லோரும் பார்த்தார்கள். அன்றிலிருந்து என்னைத் தவிர யாரையும் தொடவிடுவதில்லை. கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து குளியலறை, எல்லாம் நான்தான். லாவகமா தூக்குங்க என்று சொன்னவர் ஆஸ்பத்திரி உதவியாளர். இரண்டு முறை வந்து பார்த்தார், பிறகு வரவில்லை.

எலும்பு கூடிவிட்டது. இப்போது பயப்படுவது வேறு விஷயத்துக்கு. வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரி உடற்பயிற்சிக் கூடத்துக்கு வர வேண்டும், மே மாதம் முடிவதற்குள் ஆரம்பிக்காவிட்டால் மூட்டு இறுகிவிடும், பிறகு சரியாக நடக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டி வாசலுக்கு வரும். வாசலுக்கு இறங்க ஐம்பத்து நான்கு படி. என்னால் ஒற்றை ஆளாக முடியாது. வேறு யாரும் தூக்கக் கூடாது என்கிறார். "நான் என்ன பீரோவா, ஆளாளுக்குத் தூக்கிட்டுப் போறதுக்கு?" என்கிறார். நான் கெஞ்சினால் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

உங்களிடம் ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். கோபப்படாதீர்கள். "உங்க அண்ணனுக்கு மட்டும் சொல்லாதே. அவர் வாய்க்கு நான் தீனியாக மாட்டேன்" என்றார். லிஃப்ட்காரன் லிஃப்ட் குழியில் விழுந்த கதையை நீங்கள் எத்தனை பேரிடம் சொல்வீர்கள் என்று விரல் விட்டு எண்ணினார். அதனால்தான் வார்த்தைக்கு அர்த்தம் கேட்கிற மாதிரி கேட்டேன்.

என்ன செய்வதென்று தெரியவில்லை அண்ணா.

தங்கை


மே 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மச்சான் எழுதுவது. நாங்கள் நலம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். தங்கையைக் கோபிக்காதீர்கள். அவள் மூன்று கடிதம் வரை கெட்டிக்காரத்தனமாக மறைத்தாள். அவள் எழுதிய பீரோவுக்குத்தான் வலித்துவிட்டது.

என் வாயைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஒரு தடவை எங்கள் வீட்டு நிலைப்படியில் தலை இடித்துக்கொண்டீர்களே, அதை எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்தேன் என்று அண்ணியைக் கேட்டேன். யோசிக்காமல் "பதினேழு" என்றாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. இந்த விஷயம் பல்லிக்குக்கூடத் தெரியாது. தெரியாமலே இருக்கும்.

இப்போது தொழில் விஷயம். உங்களைத் தூக்கிய நால்வருக்கும் பலம் இருந்தது. தப்பு எங்கே என்றால், நான்கு பேரும் பேசியிருக்கிறார்கள். எங்கள் வேலையில் முதல் சட்டம், படியில் ஒரே வாய்தான் பேச வேண்டும். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு, சொன்னதைச் செய்ய வேண்டும். முதலாளியே பக்கத்தில் நின்றாலும் பேசக் கூடாது. சாமானுக்கு வாய் இல்லாததால் எங்களில் ஒருவன் அதற்கு வாயாக இருக்கிறான். உங்களுக்கு வாய் இருக்கிறது. எங்கே வலிக்கிறது, எவ்வளவு சாய்ந்தால் பயம், எப்போது மூச்சுவிட வேண்டும், எல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். ஆகவே நீங்கள்தான் பேச வேண்டும். "சாய்" என்றால் சாய்க்கட்டும். "நில்" என்றால் நிற்கட்டும். நீங்கள் சொல்லாமல் ஒருவன் ஒரு படி வைக்கக் கூடாது. உட்கார்ந்திருக்கிறவர் நீங்கள், ஆனால் இறக்குகிற மேஸ்திரியும் நீங்களே.

கைப்பிடி உள்ள, ஆடாத மர நாற்காலி. மார்புக்குக் குறுக்கே ஒரு பெல்ட். முகம் இறங்குகிற பக்கம், நாற்காலி பின்பக்கம் சாய்ந்தே வர வேண்டும். கீழே பலசாலி ஒருவர், மேலே உங்களுக்குப் பழகிய கை ஒன்று. இரண்டு பேர் போதும். திருப்பத்தில் காலை நீட்டி எவ்வளவு இடம் வேண்டும் என்று நூல் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். முதலில் நாற்காலியில் உங்கள் எடைக்கு ஒரு மூட்டையை வைத்து இறக்கிப் பார்க்கட்டும்.

நான் வர வேண்டாமா என்று அண்ணி பெட்டி கட்டிக்கொண்டு நிற்கிறாள். எனக்கும் கால் துறுதுறுக்கிறது. ஆனால் நான் வந்தால் படியில் நான்தான் பேசுவேன். இருபத்தைந்து வருடக் கெட்ட பழக்கம், விடாது. அது உங்களுக்கு ஆகாது. நீங்கள் வா என்று ஒரு வரி எழுதினால் வருகிறேன். வாயைத் தைத்துக்கொண்டு வருகிறேன்.

உங்கள் மச்சான்


மே 16

தங்கைக்கு,

இரண்டு வாரமாக ஒரு வரியும் இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்ததும் தெருவின் அந்தப் பக்கம் போகிறார். வேலையில் இன்று, "ஏண்ணே, நாலு நாளா யாரையும் கிண்டல் பண்ணல, உடம்பு சரியில்லையா?" என்று பல்லி நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

மே மாதத்தில் இன்னும் பதினைந்து நாள்தான் இருக்கிறது. மாப்பிள்ளை கோபித்துக்கொண்டால் பரவாயில்லை, கோபித்துக்கொண்டார் என்றாவது எழுது.

அண்ணன்


மே 22

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். இந்தத் தடவை நிஜமாகவே.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு அவர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் மறுபடி வாசித்தார். பிறகு, "இந்த மனுஷன் எடையைப் பத்தி லிஃப்ட்காரன் எனக்குச் சொல்லித் தர்றாரா?" என்றார். அவ்வளவுதான்.

நான் முதல் மாடிப் பேக்கரிக்காரரிடம் போய்க் கேட்டேன். தினமும் மாவு மூட்டை தூக்குகிற ஆள். அவர் பாவம், உடனே ஒரு மூட்டையோடு வந்துவிட்டார். நாற்காலியில் மூட்டையை வைத்துக் கட்டி, அவர் கீழே, நான் மேலே. நாலு படிகூட இறங்கியிருக்க மாட்டோம். உள்ளே கட்டிலிலிருந்து, "நாற்காலி நேரா நிக்குது! சத்தத்துலயே தெரியுது! பின்னாடி சாய்!" என்று கத்தினார். சாய்த்தோம். "கதவை நல்லா தொறந்து வை, எனக்குக் கேக்கணும்!" என்றார். திருப்பத்தில் பேக்கரிக்காரர் வாயைத் திறந்து, "அம்மா, கொஞ்சம் இந்தப் பக்கமா..." என்று ஆரம்பித்தார். உள்ளேயிருந்து, "யாருய்யா அது பேசுறது?" அவர் வாயை மூடியவர்தான், அடுத்த மூன்று நாளும் எங்கள் வீட்டுக்குள் வந்தாலே பேசுவதில்லை.

மூட்டையை மூன்று நாள் ஏற்றி இறக்கினோம். ஒரு தடவை என் கை நழுவி மூட்டை ஓரம் கிழிந்து மாவு கொட்டிவிட்டது. இனி ஒத்துக்கொள்ளவே மாட்டார் என்று நினைத்தேன். அவர் என்னைக் கட்டில் பக்கம் கூப்பிட்டார். "செருப்போட நின்னியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நாளைக்குக் கேன்வாஸ் ஷூ போட்டுக்கோ. நாளைக்கு நான் உக்கார்றேன்" என்றார்.

பதினெட்டாம் தேதி காலை இறங்கினோம். ஒவ்வொரு படிக்கும் "ம்" என்றார். அந்த "ம்" வராமல் நாங்கள் அசையவில்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவர் கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது. "நில்" என்றார். நின்றோம். எனக்கு மூச்சு வாங்குவது அவருக்குக் கேட்டிருக்கும். "அவசரமில்ல. மூச்சு விட்டுக்கோ" என்றார், எனக்கு. பிறகு, "கால் முதல்ல சுவரைத் தாண்டட்டும்... இப்ப பாதம் எடுத்து வை... ம்." தாண்டிவிட்டோம் அண்ணா. எங்கேயும் மோதவில்லை. கதவுகள் திறந்துதான் இருந்தன, எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். அவர் அவர்களைப் பார்க்கவே இல்லை, படியைத்தான் பார்த்தார்.

மூன்று முறை போய் வந்துவிட்டோம். மூட்டு இறுகவில்லை, சரியான நேரத்தில் வந்தீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

உங்கள் தங்கை

மச்சானுக்கு, நலம். பேக்கரிக்காரர் கீழே நல்ல பிடி. உங்கள் தங்கை அவசரக்குடுக்கை, ஆனாலும் தேறிவிட்டாள். குழியில் விழுந்த கதையை நீங்கள் தாராளமாகச் சொல்லலாம், நான் எழுந்து நடந்த பிறகு. — மாப்பிள்ளை


ஆகஸ்ட் 11

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணியின் முழங்கால், உங்கள் இடுப்பு, எல்லோரும் நலம்தானே? இங்கே நாங்கள் நலம்.

இன்று காலை பயிற்சிக்குக் கிளம்பும்போது நாற்காலியை எடுத்து வந்தேன். வேண்டாம் என்றார். ஒரு கையில் ஊன்றுகோல், ஒரு கையில் கைப்பிடிச் சுவர். கீழே நின்று பிடித்துக்கொள்ளலாம் என்று முன்னால் போனேன். "வழிய மறைக்காதே, பின்னாடி வா" என்றார். ஒவ்வொரு படியாக ஐம்பத்து நான்கும் இறங்கிவிட்டார். காலை ஊன்றும்போது கொஞ்சம் சாய்கிறார், அவ்வளவுதான்.

எனக்குத்தான் கை இரண்டையும் எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஆறு மாதம் அவரைப் பிடித்தே பழகிவிட்டது. இரண்டாவது மாடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். கீழேயிருந்து, "என்ன, மோதிக்கிட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப வா, வண்டி நிக்குது" என்றார்.

உங்கள் தங்கை


ஆகஸ்ட் 19

தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும்,

நாங்கள் இருவரும் நலம். உன் கடிதத்தை அண்ணிதான் உரக்க வாசித்தாள். படி இறங்குகிற இடத்தில் நிறுத்திவிட்டு, மிச்சத்தை நீங்களே வாசியுங்கள் என்று என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் எழுத்துக் கூட்டி வாசித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு மறுபடி முதலிலிருந்து வாசித்தேன்.

இதற்கு ஒரு நல்ல கிண்டலாக எழுத வேண்டும் என்று இரண்டு நாள் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை. வெறும் கடிதமாகவே அனுப்புகிறேன்.

அண்ணன்